உதவிக்கு வரும் உயரம்

கூடைப்பந்தில் ஆளுக்கு ஆள் காவல் நிற்கும் முறையில், பந்து இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை ‘ஹெல்ப் சைடு’ என்கிறார்கள். அங்கே நிற்கும் தடுப்பாட்டக்காரர் தன் ஆளை ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வளையத்தின் பக்கம் இறங்கி, ஒரு கண்ணைப் பந்திலும் ஒரு கண்ணைத் தன் ஆளிடமும் வைத்திருப்பார். கூட்டாளியைத் தாண்டி யாராவது உள்ளே புகுந்தால் வழியை அடைப்பது அவர் பொறுப்பு. அணியிலேயே உயரமானவருக்குத்தான் பெரும்பாலும் இந்த வேலை வந்து சேரும். ‘உன் ஆளை விடாதே’ என்று பள்ளி நாளிலிருந்து கேட்டு வளர்ந்த நெட்டைப் பையனுக்கு, எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது லேசான காரியமல்ல.

1891இல் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் தொடங்கிவைத்த ஆட்டத்தில் உயரத்துக்கு நெடுநாள் ஒரு பயன்தான் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் நடுக்களத்தில் பந்தைத் தூக்கிப் போடுவார்கள். அதைத் தட்டிவிட ஓர் ஆள் வேண்டும். 1937இல் அந்த வழக்கம் போயிற்று. அடுத்து வந்த டிபால் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மைக்கனும், ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் 7 அடி பாப் கர்லாண்டும் வளையத்துக்கு மேலே இறங்கிவரும் பந்தையே தட்டி எறிந்தார்கள். பொறுக்க முடியாமல் 1944இல் கல்லூரி ஆட்டத்தில் அதைத் தடைசெய்தார்கள். ஆனால் கர்லாண்டின் அணி 1945, 1946 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டத்தை வென்றது. அவருடைய பயிற்சியாளர் ஹென்றி ஐபா, பந்து நகர நகர ஐந்து பேரும் கீலில் ஆடும் கதவுபோல் சேர்ந்து திரும்பும் தடுப்பாட்டத்தைப் பழக்கியிருந்தார். கதவின் கடைசித் தாழ்ப்பாள் கர்லாண்ட்.

உதவித் தடுப்பை ஒரு கலையாக்கியவர் பில் ரஸ்ஸல். 1950களின் பாடம் வேறு: நல்ல தடுப்பாட்டக்காரனின் பாதம் தரையை விட்டு எழும்பக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ரஸ்ஸல் எழும்பித் தடுத்தார். பயிற்சியாளர் ஃபில் வுல்பர்ட்டுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. அறைத்தோழர் கே. சி. ஜோன்ஸும் ரஸ்ஸலும் பந்து போகும் கோணங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்களாம். வெளியே ஜோன்ஸ் தன் ஆளை நெருக்குவார். அவரைத் தாண்டி வருபவருக்கு உள்ளே ரஸ்ஸல் காத்திருப்பார். 1955, 1956 பட்டங்கள் இரண்டும் அவர்கள் அணிக்கே. 1956இல் கல்லூரி ஆட்டத்தில் வளையத்தின் முன்பகுதியை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியதற்கும் ரஸ்ஸலைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 பருவங்களில் 11 பட்டங்கள் பெற்ற ரஸ்ஸலின் நுணுக்கம் பலர் கண்ணில் படாதது. தட்டிய பந்தை அவர் பார்வையாளர் கூட்டத்துக்குள் பறக்கவிடுவதில்லை. களத்துக்குள்ளேயே, தன் ஆட்களின் கைக்கு எட்டும்படி விடுவார். வெளியே போன பந்து எதிரணிக்கே திரும்பிவிடும் அல்லவா? எல்லாப் பந்தையும் தடுக்கப் போவதும் கிடையாது. எப்போது வருவார் என்று தெரியாததே எறிபவரின் கையைத் தயங்கவைத்தது. அவர் எத்தனை பந்தைத் தடுத்தார் என்பதற்கு முழுக்கணக்கு இல்லை: அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ அதை எண்ணத் தொடங்கியதே 1973–74இல்தான். ரஸ்ஸலுக்கு மாற்றாளாக 1964 முதல் 1966 வரை செல்டிக்ஸில் இருந்தவர் ஜான் தாம்சன். பின்னாளில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்சியாளராகி, பாட்ரிக் யூயிங், டிகெம்பே முட்டோம்போ, அலோன்சோ மோர்னிங் என்று வளையக் காவலர் வரிசையையே உருவாக்கினார். வித்தை கைமாறிய பாதை இது.

1947இலிருந்தே தொழில்முறை ஆட்டத்தில், ஆளைப் பார்க்காமல் இடத்தைக் காக்கும் ‘ஸோன்’ முறைக்குத் தடை இருந்தது. தன் ஆளை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம் என்ற வரம்புகள் 1981இல் இன்னும் விரிவாக எழுதப்பட்டன. அந்தக் காலத்தில்தான் மார்க் ஈட்டன் வந்தார். 7 அடி 4 அங்குலம். கார் மெக்கானிக்காக வேலை பார்த்தவரைக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் ஆட்டத்துக்கு அழைத்துவந்தார். யுசிஎல்ஏவில் குட்டையான வேகக்காரர்களைத் துரத்தித் துரத்தி மூச்சிரைத்து நின்றவரிடம் வில்ட் சேம்பர்லின் சொன்ன யோசனை எளிது: அவர்களைத் துரத்தாதே, வளையத்தடியில் நில், அவர்கள் உன்னிடம் வருவார்கள். 1984–85 பருவத்தில் யூட்டா ஜாஸுக்காக ஈட்டன் 456 பந்துகளைத் தடுத்தார். அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை.

2001இல் என்பிஏ ‘ஸோன்’ முறைக்கு இருந்த பழைய தடையை நீக்கியது. பதிலுக்கு மூன்று நொடி விதி வந்தது. யாரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் வளையத்தின் முன் வண்ணப் பகுதியில் மூன்று நொடி நிற்கக் கூடாது. அதனால் வளையத்தடியில் ஆடும் இளம் நெட்டையர்களான சென்டர்கள் மனசுக்குள் எண்ணவும், 2.9 நொடியில் ஒரு காலை வெளியே வைத்துத் திரும்பவும் பழகினார்கள். 2007–08இல் செல்டிக்ஸின் துணைப் பயிற்சியாளர் டாம் திபடோ, பந்து இருக்கும் பக்கத்தில் ஆட்களைக் குவித்தார். பின்னாலிருந்து முழுக்களத்தையும் பார்க்கும் கெவின் கார்னெட் ஓயாமல் குரல்கொடுத்து அவர்களை நகர்த்துவார். அந்த ஆண்டுப் பட்டம் பாஸ்டனுக்கு. வாய் திறக்காத நெட்டையால் பாதி உதவிதான் என்பது அதன்பின் பயிற்சியாளர்கள் தவறாமல் சொல்லும் பாடம்.

களத்தில் இதைப் பழக்கும் வழி நான்குக்கு நான்கு ‘ஷெல் டிரில்’. வெளிவட்டத்தில் நால்வர் பந்தைக் கைமாற்ற, ஒவ்வொரு பாஸுக்கும் தடுப்பவர் நால்வரும் இடம் மாறுவார்கள். புதியவர்களின் தவறுகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பந்தையே பார்த்துத் தன் ஆளைத் தொலைப்பது, தாமதமாக வந்து பக்கவாட்டில் மோதுவது, போலி எறிதலுக்கு எழும்பிவிடுவது. இந்தியானா பேசர்ஸின் ராய் ஹிபர்ட் கைகளை நேரே உயர்த்தி, எழும்பிய இடத்திலேயே இறங்கி, ஃபவுல் வாங்காமல் தடுத்துக் காட்டியபின் அதுவே தனிப் பயிற்சியாயிற்று. உதவிக்குப் போனவரின் ஆளை இன்னொருவர் வந்து மறிப்பதும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை.

மூன்று புள்ளி எறிதல் பெருகியபின் எதிரணி சென்டரும் வெளிக்கோட்டில் நிற்கிறார். உதவிக்கு ஓட வேண்டிய தூரம் கூடிவிட்டது. 2024இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை ரூடி கோபேர் நான்காம் முறையாகப் பெற்றார். அதே பருவத்தில், முதல் ஆண்டிலேயே தடுப்பாட்ட முதல் அணியில் இடம்பெற்ற முதல் ஆட்டக்காரரானார் விக்டர் வெம்பன்யாமா. இருவரும் பிரான்சில் ஆடிப் பழகியவர்கள். சர்வதேச விதிகளில் தடுப்பவருக்கு மூன்று நொடிக் கட்டுப்பாடு கிடையாது. வளையத்தடியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். நொடியை எண்ணும் கட்டாயம் அவர்களுக்கு அமெரிக்கா வந்தபின்தான்.