மாண்ட கால்நடையை என்ன செய்வது?

மேருவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு மாடும் ஆடும் கோழியும் இரண்டாவது சம்பளம் போல. அவற்றுள் ஒன்று மாண்டால் குழி வெட்டிப் புதைப்போம். ஒரு மாட்டுக்குக் குழி வெட்டிவிடலாம், இலட்சக்கணக்கில் மாண்டால்? அந்தக் கேள்வி 1999-ஆம் ஆண்டு நம் நாட்டின் முன் வந்து நின்றது.

1998 செப்டம்பரில் ஈப்போவுக்கு அருகே பன்றிப் பண்ணைகளில் உழைத்தோர் சிலருக்குக் கடுங்காய்ச்சலும் மூளை வீக்கமும் கண்டன. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றெண்ணிப் புகையடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். அந்நோயோ பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே படுக்கையில் விழுந்தவர்கள் பன்றிகளோடு பழகிய பெரியவர்கள். இந்த வேறுபாட்டை இன்னும் முன்பே எடை போட்டிருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இதற்குள் பன்றிகள் லாரி ஏறின. நோயும் உடன் ஏறி, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா கா பிங் புதியதொரு கிருமியைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வாய்த்தது. நோயுற்றோர் 265 பேர். மாண்டோர் 105 பேர். பண்ணைகளில் வேலை செய்த இந்தியரும் அவர்களுள் இருந்தனர். இராணுவ வீரர்கள் இறங்கினார்கள். பத்து இலட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டு, பெருங்குழிகளில் புதைக்கப்பட்டன.

நம்முடையது மழை மிகுந்த நாடு. பல இடங்களில் சற்றே தோண்டினாலும் தண்ணீர் ஊறும். புதைத்த உடலின் நீர் கிணற்றுக்கும் ஓடைக்கும் கசியக்கூடும். காற்றில்லாத குழியில் உடல் அழிய நெடுங்காலம் பிடிக்கும்.

அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தார் 1980-களில், செத்த கோழிகளை மக்கச் செய்யும் முறையை வகுத்திருந்தனர். 2004-இல் அங்கே டெலவேர் பகுதியில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, கோழிக் கொட்டகைக்குள்ளேயே அம்முறையைக் கையாண்டார்கள். மரத்தூளை அடியில் தடிப்பாகப் பரப்பி, உடலைக் கிடத்தி, மேலும் மரத்தூளால் நன்றாக மூடுவார்கள். நுண்ணுயிர்கள் உடலைத் தின்னும்போது குவியல் தானே சூடேறும். 55 பாகைக்கு மேல் சில நாட்கள் நின்றால் பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடியும். கொட்டகையை விட்டு எதுவும் வெளியே போகாது என்பதே நம் கண்ணுக்குப் பெரிய நன்மை. 1999-இல் நோயைச் சுமந்தது லாரிதானே!

ஆனால் எல்லா நோய்க்கும் இது பொருந்தாது. அடைப்பான் நோயின் வித்துகள் இந்தச் சூட்டுக்கு அழியமாட்டா. அந்நோயால் இறந்த மாட்டை அறுக்காமல், தோலுரிக்காமல், கால்நடைத் துறையினர் வரும்வரை கைபடாமல் விட்டுவைக்க வேண்டும்.