கொறங்காட்டு வேலி சொல்லும் கணக்கு

காங்கேயம் காளையைப் பத்தி பேசாத ஆள் இல்லை. அந்தக் காளை தின்னு வளர்ந்த புல்லைப் பத்தி யாராவது பேசி கேட்டிருக்கீங்களா? இன்னைக்கு அதைத்தான் எழுதப் போறேன்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனா கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களைப் பார்க்கலாம். இதுக்குப் பேர் கொறங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை குறைவான பூமி. பழையகோட்டை பட்டக்காரரின் பேர்பெற்ற மந்தை இந்த மண்ணில் வளர்ந்ததுதான். தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி லிட்டில்வுட் 1936ல் வெளியிட்ட நூலிலும் காங்கேயம் மாட்டுக்கு இடம் உண்டு.

என்னைக் கேட்டா இந்த ஏற்பாட்டோட உயிர்நாடி அந்த வேலிதான். பொது மந்தைவெளியில் எவன் மாடு முதல்ல போகுதோ அதுக்குத்தான் புல். அங்கே யாரும் காத்திருக்க முடியாது. வேலி போட்ட காட்டில் மேய்ச்சு முடிச்சதும் படலைச் சாத்திட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டலாம்.

காத்திருந்தா என்ன லாபம்? மாடு கடிச்ச புல், அடித்தூரிலும் வேரிலும் சேர்த்து வச்ச சத்தை எடுத்துத்தான் மறுபடி துளிர்க்கும். துளிர் வந்ததுமே திரும்பக் கடிச்சா வேர் மெலிஞ்சு, நல்ல புல் போய் மாடு சீந்தாத களை வந்துடும். சரி, ரொம்ப நாள் விட்டா? அதுவும் ஆகாது. வெப்பநாட்டுப் புல் சீக்கிரம் கதிர் வாங்கி, தண்டு முத்தி, நார் ஏறிடும். இளசில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிற புரதம் காயும்போது 5 சதவீதத்துக்குக் கீழேகூட இறங்கும்.

பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வாசேன் 1957ல் புல்லின் விளைச்சல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எத்தனை மாடு மேயுது என்பதைவிட, எத்தனை நாள் மேயுது, எத்தனை நாள் புல்லுக்கு ஓய்வு என்பதே முக்கியம் என்றார். 1965ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மில்ஃபோர்டும் மின்சனும் வெப்பநாட்டுப் புற்களுக்கு ஓர் எல்லை சொன்னார்கள். புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனா, இரைப்பையில் புல்லைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தீனி பத்தாது. கண் முன்னால புல் குவிஞ்சு கிடந்தாலும் மாடு குறைவாத்தான் தின்னும்.

இப்போ கொறங்காட்டைத் திரும்பிப் பாருங்க. மழைக்காலத்தில் மாத்தி மாத்தி மேய்ச்சு இளம்புல். கோடையில் காய்ஞ்ச புல்லோட குறையை ஈடுகட்ட, உதிர்கிற வெள்வேலங்காய். அதில் புரதம் இருக்கு, ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். சதவீதக் கணக்கு தெரியாமலே நம்ம ஆட்கள் நடத்திக் காட்டின ஏற்பாடு இது.

கொறங்காடுகள் மனையாகவும் வேறு வேலைகளுக்கும் போய்க்கிட்டிருக்கு. காளையைக் காப்பாத்தணும்னு சொல்றோம், நல்லது. ஆனா வேலியைப் பிரிச்சுட்டா புல்லுக்கு ஓய்வு கொடுக்கிற வசதி போயிடும். அப்புறம் காளை நிக்கும், அதுக்கு வெறும் நார்தான் மிஞ்சும்.