விழாதவனுக்கு யார் துணை?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சண்டை முடிந்ததும் ஊரெல்லாம் ஜயித்தவன் பின்னால் போகும். அவன் மட்டும் தோற்றவன் போன வழியே போவான். அங்கேதான் கதை கிடைக்கும் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் 1951-ஆம் வருஷம் அக்டோபர் 26-ஆம் தேதி இரவு, நியூயார்க் நகரில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த ஒரு குத்துச்சண்டைக்குப் பிறகு, தோற்றவர் போன வழியே போனவர் ஜயித்தவரேதான்.

தோற்றவர் ஜோ லூயி. 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். 25 முறை தம் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டவர். யுத்த காலத்தில், 1942-இல், இரண்டு சண்டைகளில் கிடைத்த பணத்தைக் கப்பற்படைக்கும் தரைப்படைக்கும் நிவாரண நிதியாகக் கொடுத்துவிட்டு, தாமும் பட்டாளத்தில் சேர்ந்தவர். தேசம் அவரைக் கொண்டாடியது. வருமான வரி இலாகா மட்டும் அவரை விடவில்லை. வட்டியும் அபராதமுமாக ஏறிக்கொண்டே போன பாக்கிக்காக, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவர் 1950-இல் மறுபடியும் கோதாவில் இறங்கினார். கார்டனில் அந்த இரவு அவருக்கு வயது 37. தலையில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

எதிரே நின்றவர் ராக்கி மார்சியானோ. செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். வயது 28. இளம் பிராயத்திலிருந்தே லூயியைத் தெய்வம் போல நினைத்தவர். எட்டாவது சுற்றில் மார்சியானோவின் இடது கைக் குத்து ஒன்று லூயியைக் கீழே தள்ளியது. எட்டு எண்ணும்போது அவர் எழுந்துவிட்டார். கொஞ்ச நேரத்திற்கெல்லாம் வந்த வலது கைக் குத்து அவரைக் கயிறுகளுக்கு இடையே வெளியே தள்ளி, மேடை விளிம்பில் கிடத்திவிட்டது. நடுவராக இருந்த ரூபி கோல்ட்ஸ்டீன் பத்து எண்ணவில்லை. எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? கையை வீசிச் சண்டையை நிறுத்திவிட்டார்.

பிறகு மார்சியானோ, லூயி படுத்திருந்த அறைக்குப் போனார். அங்கே நின்று அழுதார்.

இந்தக் காட்சியைப் படிக்கிறவர்கள் பலரும் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுவார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி எழுகிறது. அழுகிற மனிதர் எதற்காக அப்படி அடித்தார்? அழுகை பொய்யா? இல்லை. அடி பொய்யா? அதுவும் இல்லை. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து அரை மணிக்குள் வந்தவைதாம். கோதாவுக்குள் இரக்கம் என்பது யாருடைய பொறுப்பு என்று தெரிந்துகொண்டால் இந்த முடிச்சு அவிழும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ராமாயணம் தெரியும். ஆயுதமெல்லாம் இழந்து வெறுங்கையோடு நின்ற ராவணனை ராமன் கொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வரும்படி அனுப்பிவிட்டான். அங்கே போர் புரிகிறவனும் ராமன். போதும் என்று சொல்கிறவனும் ராமன். குத்துச்சண்டை மேடையில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஆளிடம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு இருநூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் என்று ஒரு சாம்பியன் இருந்தார். வெறுங்கையால் குத்துகிற காலம் அது. ஜார்ஜ் ஸ்டீவென்சன் என்ற வண்டிக்காரரோடு அவர் சண்டையிட்டார் என்றும், ஸ்டீவென்சன் சில வாரங்களில் இறந்துபோனார் என்றும், அந்த வருத்தமே பிராட்டனைச் சட்டம் எழுத வைத்தது என்றும் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சட்டம் 1743-இல் வந்தது. விழுந்தவனை அடிக்கக் கூடாது; முழங்காலிட்டு நின்றாலும் விழுந்ததாகவே கணக்கு. இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூட எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், எழுதுவதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1867-இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. கையுறை வந்தது. மூன்று நிமிஷச் சுற்று, ஒரு நிமிஷ ஓய்வு என்று ஏற்பட்டது. விழுந்தவனுக்குப் பத்து விநாடி கிடைத்தது. ஆனாலும் அந்தப் பத்து விநாடியும் ஜயிக்கிறவன் எங்கே நிற்பது? 1919-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி டொலிடோ நகரில் ஜாக் டெம்ப்ஸி, தம்மைவிட மிகப் பெரிய உருவமான ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வில்லார்ட் எழுந்திருக்கும்போதெல்லாம் டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்றார். முழங்கால் தரையை விட்டதோ இல்லையோ, அடுத்த குத்து விழுந்தது. அன்றைக்கு அது குற்றமில்லை.

அப்புறம், எதிரியை வீழ்த்தியவன் தூரத்து மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதி டெம்ப்ஸியையே பிடித்துக்கொண்டது. 1927-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி சிகாகோவில், ஏழாவது சுற்றில் அவர் ஜீன் டன்னியை வீழ்த்தினார். பழைய பழக்கம் விடுமா? மூலைக்குப் போகாமல் அங்கேயே நின்றார். அவர் போகிற வரையில் நடுவர் எண்ணுவதை ஆரம்பிக்கவில்லை. டன்னிக்குப் பத்து விநாடிக்கு மேலேயே அவகாசம் கிடைத்தது, எழுந்தார், கடைசியில் ஜயித்தார்.

ஆக, இந்த விதிகளெல்லாம் ஒரே காரியத்தைத்தான் செய்து வந்திருக்கின்றன: ஜயிக்கிறவனுடைய கையைத் தோற்கிறவனிடமிருந்து ஒவ்வோர் அடியாகத் தள்ளித் தள்ளி வைத்தன. ஜயிக்கிறவனுடைய நல்ல மனசை நம்பி எதையும் விடவில்லை. மனிதன் நல்லவன்தான், ஆனால் ரத்தம் சூடேறியிருக்கும்போது அவனுடைய நல்ல குணத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அனுபவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இவ்வளவு விதிகள் செய்தவர்கள் ஒன்றுக்கு மட்டும் விதி செய்ய முடியவில்லை. எல்லா விதிகளும் விழுந்தவனைக் காப்பாற்றுகின்றன. விழாதவனை? விழ வேண்டிய நிலைக்கு வந்த பிறகும், ரோஷத்தினாலோ, பழக்கத்தினாலோ, முதுகுக்குப் பின்னால் கயிறு இருப்பதனாலோ விழாமல் நிற்கிறவனை?

1962-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி அதே கார்டன் அரங்கில் எமில் கிரிஃபித்தும் பென்னி பாரெட்டும் மூன்றாவது தடவையாக மோதினார்கள். வெல்டர்வெயிட் பட்டம் பாரெட்டின் கையில் இருந்தது. கியூபா நாட்டு இளைஞர், வயது 25. எவ்வளவு அடித்தாலும் தாங்குவார் என்று பெயர் வாங்கியவர். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஜீன் ஃபுல்மர் என்பவரிடம் பலமாக அடிபட்டுப் பத்தாவது சுற்றில் தோற்றிருந்தார். கிரிஃபித், தொப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், சாதுவான சுபாவம். எடை பார்க்கும் இடத்தில் பாரெட் அவருடைய ஆண்மையைப் பற்றி இழிவாக ஒரு சொல் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லும் அன்றிரவு கோதாவுக்குள் வந்தது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாவது சுற்றில் விழுந்தவர் கிரிஃபித். பன்னிரண்டாவது சுற்றில் நிலைமை தலைகீழாயிற்று. பாரெட் மூலையில் அகப்பட்டுக்கொண்டார். கைகள் தொங்கிவிட்டன, தலை கயிற்றுக்கு வெளியே சாய்ந்துவிட்டது. ஆனால் உடம்பு விழவில்லை. கயிறுகள் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தன. விழுந்திருந்தால் விதி ஓடி வந்திருக்கும். விழாத காரணத்தால் குத்துக்கள் வந்தன. எண்ண முடியாத வேகத்தில் வந்தன. நடுவர் பாய்ந்து கிரிஃபித்தைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தபோது, பாரெட் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அவருக்கு நினைவு திரும்பவே இல்லை. ஏப்ரல் 3-ஆம் தேதி இறந்துபோனார். வீடுகளில் டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனையோ குடும்பங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைய நடுவர் யார் தெரியுமா? அதே ரூபி கோல்ட்ஸ்டீன். பத்து வருஷத்துக்கு முன்பு, ஜோ லூயிக்குப் பத்து எண்ணாமல் கையை வீசினாரே, அவரேதான். அனுபவசாலி, நல்ல மனிதர். விசாரணை நடந்தது; அவர் மேல் தப்பில்லை என்று முடிவாயிற்று. ஆனாலும் அவருடைய நடுவர் வாழ்க்கை அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. ஒரு தடவை சரியான நேரத்தில் வீசிய கை, இன்னொரு தடவை சில விநாடி தாமதித்தது. இந்தத் தொழிலில் கருணைக்கும் தாமதத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சில விநாடிதான்.

கிரிஃபித் அதற்குப் பிறகும் பல வருஷம் சண்டையிட்டார், பட்டங்களும் வாங்கினார். ஆனால் பழைய வேகத்தோடு அடிக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று அவரே சொன்னார். கனவில் பாரெட் வருவாராம். நாற்பது வருஷத்துக்கு மேல் கழிந்து, ஒரு சினிமாப் படக்காரர்கள் பாரெட்டின் மகனை அவரிடம் அழைத்துவந்தார்கள். மகன் அவரைக் கட்டிக்கொண்டார். 2013-இல் கிரிஃபித் காலமானார்.

அப்படியானால் ஜயிக்கிறவனே கையைக் குறைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அதையும் ஒருவர் செய்து பார்த்தார். 1980-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி லாஸ் வேகாஸில், 38 வயது முகமது அலி மறுபடியும் கோதாவுக்கு வந்தார். எதிரே லாரி ஹோம்ஸ். அலியின் பயிற்சி முகாமில் அவருக்கு அடிவாங்கிக் கொடுத்துத் தொழில் கற்றுக்கொண்ட சிஷ்யர். அலியிடம் பழைய அலியின் தோற்றம் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றும் ஹோம்ஸுக்கே போயிற்று. ஹோம்ஸுக்குக் கை எழவில்லை. நடுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நடுவர் நிறுத்தவில்லை, அலியும் விழவில்லை. சிஷ்யன் இரக்கப்பட்டுக் குறைத்துக் குறைத்து அடித்ததில், குருவின் வேதனை நீண்டதுதான் மிச்சம்.

இதே அலி 1967-இல் எர்னி டெரல் என்பவரை, தம்முடைய புதுப் பெயரைச் சொல்லி அழைக்க மறுத்த குற்றத்துக்காக, என் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டுப் பதினைந்து சுற்றும் நிறுத்தி வைத்து அடித்தார். அது குரூரம், ஹோம்ஸ் செய்தது இரக்கம். ஆனால் வாங்குகிற உடம்புக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். இப்போது மார்சியானோவை நினைத்துப் பாருங்கள். அவர் குறைக்காமல் அடித்தார். எட்டாவது சுற்றில் லூயி வீட்டுக்குப் போனார்.

லாஸ் வேகாஸில் பத்தாவது சுற்று முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி, போதும் என்றார். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று அலியின் கோஷ்டியிலேயே ஒருவர் மன்றாடினார். டண்டி இணங்கவில்லை. ஹோம்ஸ் அழுதுகொண்டே அலியிடம் போனார். ஜயித்தவர் மறுபடியும் தோற்றவரைத் தேடிக்கொண்டு போனார்.

இந்த வரிசையில் நான் அதிகமாக மதிக்கிற மனிதர், குத்து எதுவும் விடாத ஒருவர். எட்டி ஃபட்ச் என்று பெயர். 1975-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவுக்குப் பக்கத்தில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியபோது, ஃபிரேசியரின் மூலையில் இருந்த பயிற்சியாளர். பதினான்கு சுற்று ஆயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. வருகிற குத்து அவருக்குத் தெரியவில்லை. அவரோ எழுந்து நிற்கிறார். போக வேண்டும் என்கிறார். எதிர் மூலையில் அலியும் பிராணனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். இன்னும் மூன்று நிமிஷம் பொறுத்தால் என்ன ஆகியிருக்குமோ! ஆனால் ஃபட்ச் அந்தக் கணக்கைப் போடவில்லை. ஃபிரேசியரை உட்கார வைத்து, முடிந்தது என்று சொல்லிவிட்டார்.

ஃபிரேசியர் அன்றைக்கு அதை விரும்பவில்லை. ஜனங்கள் இன்றைக்கும், அந்த ஒரு சுற்றை விட்டிருந்தால் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தினவனுக்கு எப்போதும் இந்த வசைதான் கிடைக்கும். நிறுத்தாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை; ஆகையால் அவனுக்கு நன்றி சொல்லவும் ஆள் இருக்காது. ஜயித்தவனுடைய கண்ணீர் சண்டை முடிந்த பிறகுதான் வரும். அதனால் யாருடைய கண்ணும் மூடாமல் தப்புவதில்லை. முன்னாலேயே வர வேண்டிய இரக்கம், பழியை ஏற்றுக்கொள்ளத் துணிந்த மூன்றாம் மனிதனிடமிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

கீழே விழுந்தவர்களைத் தூக்கிவிட நாமெல்லோரும் ஓடுகிறோம். தண்ணீர் தெளிக்கிறோம், விசிறுகிறோம். விழாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால், இவருக்கென்ன, தாங்குவார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பென்னி பாரெட்டைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.