கப்பல்கள் இரும்பான நகரம்

வயதான கப்பல்கள் கடைசியில் எங்கே போகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 1970களில் அவற்றுள் பல, தைவானின் தென்மேற்குக் கரையிலுள்ள காவோசியுங் துறைமுகத்திற்கே சென்றன. கப்பல் உடைப்பில் அந்நகரம் அன்று உலகில் முதலிடம் வகித்தது. உடைத்த இரும்பு கட்டடக் கம்பிகளாயிற்று.

ஆனால் எண்ணெய்க் கப்பலின் தொட்டி காலியானாலும் அதனுள் எண்ணெய் ஆவி தங்கியிருக்கும்; காற்றோடு கலந்த அந்த ஆவிக்கு ஒரு பொறி போதும். 1986இல் அத்தகைய வெடிவிபத்தொன்றில் தொழிலாளர் பலர் மாண்டனர். சில ஆண்டுகளில் தொழிலே அங்கு மறைந்தது.

நகரின் நடுவே ஓடுவது காதல் ஆறு (பெயரே அதுதான்!). முன்பு மூக்கைப் பொத்தவைத்த அந்த ஆற்றில், சாக்கடை நீரைத் தனிக் குழாய்களில் திருப்பிய பின், இன்று உல்லாசப் படகுகள் செல்கின்றன. துறைமுகத்தின் பழைய சரக்குக் கிடங்குகள் கலைக்கூடங்களாகிவிட்டன. இரும்புச் சிற்ப விழாக்களும் அங்கே நடந்துள்ளன.