வரலாற்றுக் கல்வியும் மரபுரிமைச் சான்றுகளும்

வரலாறு கற்பதாற் பயன் யாது என்னும் வினா கலைப்பீட மாணவர் பலரும் எதிர்கொள்ளும் ஒன்றாகும். தொழில்வாய்ப்பு என்னும் அளவுகோல் ஒன்றையே கொண்டு இதற்கு விடை காண முயல்வோர் பெரும்பாலும் வரலாற்றை ஒதுக்கிவிடுகின்றனர். வரலாற்றைப் போற்றுவதாகக் கூறுவோரிற் பலரோ, முன்னோர் பெருமையைப் பறைசாற்ற உதவும் கருவியாகவே அதனைக் கொள்கின்றனர். முற்கூறியோர் வரலாற்றுக் கல்வியைக் கைவிடுகின்றனர். பிற்கூறியோர் அதன் இயல்பைத் திரித்துவிடுகின்றனர். கடந்த காலம் பற்றி ஒருவர் கூறுவது எச்சான்றின் அடிப்படையில் எழுந்தது, அச்சான்று எத்துணை வலிமையுடையது, அது எதனைக் கூறவில்லை என ஆராயும் பயிற்சியே பல்கலைக்கழக வரலாற்றுக் கல்வியின் உயிர்நிலையாகும். சான்றை ஆராயக் கற்றவனே அதன் அருமையை உணர்வான். அருமையை உணர்ந்தவனே அதனைப் பாதுகாக்கவும் முற்படுவான். இக்கருத்தை யாழ்ப்பாண வரலாறு பற்றிய ஆய்வுகளிலிருந்து சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையில் உயர்கல்வி நிலையில் வரலாறு கற்பிக்கப்பட்டமை 1921 இல் நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியுடன் வளர்ச்சி பெற்றது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1952 இல் அது முறைப்படி பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1959, 1960 ஆம் ஆண்டுகளில் அப்பல்கலைக்கழகம் வெளியிட்ட இலங்கை வரலாற்றின் முதலாந் தொகுதி, சாசனங்களையும் இலக்கியங்களையும் தொல்பொருட் சான்றுகளையும் ஒருங்கே கொண்டு எழுதப்பட்ட பெருமுயற்சியாகும். 1960 முதல் கலைத்துறை மாணவர் சிங்களத்திலும் தமிழிலும் பயிலும் வாய்ப்புப் பெற்றனர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது, வடபகுதியின் வரலாற்றை அம்மண்ணிலேயே இருந்து ஆராயும் வாய்ப்பு முதன்முறையாக ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கிட்டியது. அதற்கு முன்னர் இப்பகுதியின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்ற அறிஞர்களே. முதலியார் இராசநாயகம், சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோரின் உழைப்பை மறந்து இத்துறையில் எவரும் ஓரடியும் எடுத்து வைத்தல் இயலாது.

முதலிலே இலக்கியச் சான்றினை நோக்குவோம். யாழ்ப்பாண வரலாறு என்றவுடன் நினைவுக்கு வருவது மயில்வாகனப் புலவரின் 'யாழ்ப்பாண வைபவமாலை' ஆகும். ஒல்லாந்தர் ஆட்சியில், 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த உரைநடை நூல் இது. யாழ்ப்பாண மன்னரின் ஆட்சி முடிவுற்று நூறாண்டுகளுக்கு மேற் கழிந்த பின்னரே இது எழுதப்பட்டது. இதன்கண் வரும் ஆண்டுக் கணக்குகள் பல இடங்களிற் பிற சான்றுகளோடு பொருந்துவதில்லை. ஐதிகமும் நிகழ்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஞானப்பிரகாசர் 1928 இல் வெளியிட்ட 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' இந்நூலைத் திறனாய்வுக் கண்கொண்டு நோக்கிய முயற்சியாகும். எனினும், குறைகள் உள என்பதனால் நூலை முற்றாகத் தள்ளிவிடுதல் வரலாற்று மாணவனுக்கு ஏற்புடையதன்று. யாழ்ப்பாடி கதை நிகழ்ந்ததா இல்லையா என்று வாதிடுவதோடு அவன் நின்றுவிடலாகாது. 18 ஆம் நூற்றாண்டிலே தம் நாட்டின் தோற்றத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கற்றோர் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அக்கதை தக்க சான்று என்பதையும் அவன் காணவேண்டும். பொய்யென ஒதுக்கப்படும் சான்றும் தன் காலத்தைப் பற்றி மெய் பேசுவதுண்டு.

வைபவமாலையிற் கவனிக்கத்தக்க பிறிதொன்றும் உண்டு. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் நான்கையும் அந்நூல் தனக்கு ஆதாரமாகக் குறிப்பிடுகின்றது. இவற்றுள் முன்னைய இரண்டும் இன்று எமக்குக் கிடைக்கின்றன. பின்னைய இரண்டும் மறைந்துபோயின. மயில்வாகனப் புலவர் அவற்றிலிருந்து எதனைக் கொண்டார், எதனை விட்டார் என்று ஒப்பிட்டு அறிவதற்கு வழியில்லை. இரண்டு ஏட்டுச் சுவடிகளின் அழிவு ஓர் அரசின் வரலாறு முழுவதன் மீதும் நிழல் படியச் செய்துள்ளது.

அடுத்து, கல்லிற் பொறிக்கப்பட்ட சான்றொன்றை நோக்குவோம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்ச் சாசனத்தைக் கலாநிதி கா. இந்திரபாலா ஆராய்ந்து 1963 இல் வெளியிட்டார். பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அதிற் காணப்படுகின்றது. பிற நாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் என்றும் அது கூறுகின்றது. யானைகளையும் குதிரைகளையும் மன்னனுக்கெனக் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், அதிலுள்ளவற்றில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே அரச பண்டாரத்தைச் சேரும். மூன்று பங்கு உடையவனுக்கே விடப்படும். வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கும் மறுபாதி உடையவனுக்கும் உரியன.

இச்சிறு சாசனம் எழுப்பும் வினாக்கள் பலவாகும். யானை, குதிரை கொண்டுவருவோருக்கு ஏன் இச்சலுகை? படைக்கு வேண்டியவற்றைக் கடல் வழியாகப் பெறுவதில் மன்னன் கொண்டிருந்த அக்கறையே காரணம் என்பது வெளிப்படை. பொலனறுவை மன்னனின் ஆணை ஏன் தமிழில் அமைந்தது? அத்துறைமுகத்தில் இவ்வாணையைப் படித்து நிறைவேற்ற வேண்டியோரும் அதற்குக் கட்டுப்பட வேண்டியோரும் தமிழறிந்தோராய் இருந்தனர் என்பதே பொருத்தமான விளக்கமாகும். ஆனால் இங்கு மாணவன் ஓரிடத்தில் நின்று சிந்தித்தல் வேண்டும். இவ்விதி உண்மையிற் பின்பற்றப்பட்டதா என்பதைச் சாசனம் கூறவில்லை. துறைமுகத்திற்கு அப்பால், உள்ளூர்க் கிராமங்களில் வாழ்ந்தோர் யாவர் என்பதையும் அது கூறவில்லை. தமிழில் இருப்பதனால் இதனை ஒரு சாரார் தமக்கே உரிய உரிமைப் பத்திரமாகக் காட்டுதலும், சிங்கள மன்னனுடையது என்பதனால் மற்றொரு சாரார் அவ்வாறே காட்டுதலும் சாசனம் சொல்லாததை அதன் வாயிற் புகுத்துவனவேயாம்.

இவ்வெடுத்துக்காட்டு மொழிப் பயிற்சியின் இன்றியமையாமையையும் உணர்த்துகின்றது. 1936 இற் கண்டெடுக்கப்பட்ட வல்லிபுரப் பொற்சாசனம் பிராகிருத மொழியில் அமைந்தது. காலியிற் கிடைத்து இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ள 1409 ஆம் ஆண்டுச் சாசனம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் குறிப்பிடுகின்றது. மகாவம்சம் பாளியில் உள்ளது. ஒல்லாந்தர் கால ஆவணங்கள் அவர்தம் மொழியிலேயே தேசிய சுவடிகள் கூடத்திற் பேணப்படுகின்றன. தாய்மொழிக் கல்வி கிராமத்து மாணவருக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிட்டது. அதன் நன்மை பெரிது. ஆயினும் அதே வரலாற்றைக் கற்கும் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் வெவ்வேறு மண்டபங்களில் அமர்ந்து, ஒருவர் படிக்கும் நூலை மற்றவர் அறியாது பட்டம் பெற்று வெளியேறும் நிலையும் உடன் தோன்றிற்று. இந்நாட்டின் சான்றுகள் பல மொழிகளிற் கிடக்கும்போது, ஒரு மொழியை மட்டும் அறிந்தவன் பிறர் மொழிபெயர்த்துத் தந்ததை நம்புவதன்றி வேறு செய்ய இயலாது.

இனி, மண்ணிற் புதைந்த சான்றுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொன்மையைக் கந்தரோடை முன்னரே புலப்படுத்தியிருந்தது. போல் பீரிஸ் அவ்விடத்தை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராய்ந்தார். 1970 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையினர் அங்கு அகழ்வாய்வு நடத்தினர். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையிற் பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய ஈமப் புதைகுழிகளை அகழ்ந்தனர். அங்கு கிடைத்த முத்திரையொன்று அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. அதன் மேல்வரிசையிற் குறியீடுகளும் கீழ்வரிசையிற் பிராமி எழுத்துக்களும் உள்ளன. அவ்வெழுத்துக்களைக் கோவேத எனவும் கோவேந்த எனவும் அறிஞர் பலவாறு வாசிப்பர். பெருங்கற்கால மட்பாண்டங்களிற் காணப்படும் குறியீடுகளைப் போன்றவை எழுத்துக்களோடு ஒருங்கே அமைந்திருத்தல் இம்முத்திரையின் தனிச்சிறப்பாகும். இதே முத்திரை பழம்பொருள் விற்போர் ஒருவரின் கையிலிருந்து கிடைத்திருப்பின் அதன் பெறுமதி பெரிதும் குறைந்திருக்கும். எந்த மண்ணடுக்கில், எவ்வெலும்புக்கூட்டின் அருகே, எவ்வகை மட்பாண்டங்களோடு கிடந்தது என்னும் பதிவே அதனை வரலாற்றுச் சான்றாக்கியது.

இத்தகைய கண்டுபிடிப்புக்கள் ஆய்வாளரின் முடிபுகளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதற்கு இந்திரபாலாவின் ஆய்வு வாழ்க்கையே சிறந்த சான்றாகும். 1960களின் நடுப்பகுதியில் இலண்டன் பல்கலைக்கழகத்திற்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேடும், 1972 இல் வெளியான 'யாழ்ப்பாண இராச்சியத்தின் தோற்றம்' என்னும் நூலும், அன்று கிடைத்த சான்றுகளைக் கொண்டு, இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பரந்த அளவில் ஏற்பட்டமை பிற்காலத்துக்குரியது என்னும் கருத்தை முன்வைத்தன. இக்கருத்தைச் சிலர் கடுமையாகச் சாடினர். வேறு சிலர் தம் அரசியல் வாதத்துக்கு ஏற்றதென ஏந்திக்கொண்டனர். 2005 இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், தொல்லியற் புதுச்சான்றுகளை ஏற்றுத் தம் பழைய கருத்துக்களிற் பலவற்றைத் தாமே கைவிட்டார். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஒரே பண்பாட்டுப் பரப்பு நிலவியமையையும், இத்தீவின் இரு பெரும் இனக்குழுக்களும் பெரும்பாலும் இம்மண்ணின் தொல்குடிகளிலிருந்தே படிப்படியாக உருப்பெற்றமையையும் அவர் எடுத்துரைத்தார். தம் பெயரோடு நாற்பதாண்டுகள் நிலவிய முடிபைத் தாமே திருத்துதல் எளிதன்று. அவர் முதலில் எழுதியதும் சான்றுக்குப் பணிந்தே. பின்னர் மாற்றியதும் சான்றுக்குப் பணிந்தே. வரலாற்றுத் துறை மாணவன் கற்கவேண்டிய ஒழுக்கம் இதுவேயாகும்.

ஆனால் சான்றுகள் எமக்காக என்றும் காத்திருப்பனவல்ல. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது. வேறெங்கும் படி இல்லாத ஏடுகள் மீளவில்லை. 1995 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டு அலுமாரிகளிலும் கோயிற் பெட்டகங்களிலும் இருந்த பழங்கணக்குகளையும் கடிதங்களையும் ஏடுகளையும் எடுத்துச் செல்ல எத்தனை பேருக்கு இயன்றிருக்கும்? போர் அழித்தவை ஒருபுறமிருக்க, அமைதிக் காலத்தில் நாமே அழிப்பனவும் குறைவல்ல. திருப்பணி என்னும் பெயராற் பழைய மண்டபங்கள் இடிக்கப்பட்டுச் சீமெந்திற் புதியன எழுப்பப்படுகின்றன. எழுத்துள்ள கல் வாயிற்படியின் கீழ்ப் புதைகின்றது. அல்லது வர்ணப் பூச்சில் மறைகின்றது. பக்தியினால் நிகழும் இவ்வழிவைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நெடுங்காலமாக உள்ளது. ஆயினும் தம் ஊர்க் கல்லின் பெறுமதியை அவ்வூரார் அறியாதவரை எச்சட்டமும் அதனைக் காக்காது.

இங்கேதான் பல்கலைக்கழக மாணவனின் கடமை தொடங்குகின்றது. அவன் விடுமுறைக்குச் செல்லும் ஊர் எதுவாயினும் அங்கு வரலாற்றுக்குரிய மூலங்கள் இருக்கும். பழைய காணி உறுதிகள், கோயிற் கணக்குகள், பாடசாலைப் பதிவேடுகள், குளங்களினதும் வயல்களினதும் பெயர்கள், முதியோரின் நினைவுகள் ஆகியன அனைத்தும் அத்தகையனவே. காணிப் பெயரொன்று மறைந்துபோன தொழிலையோ குடியையோ நினைவுபடுத்தக்கூடும். இவற்றைத் திரட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. முறையான பதிவே வேண்டும். எங்கே, எப்போது, எவரிடமிருந்து, எந்நிலையிற் பெறப்பட்டது என்பதைக் குறிக்காது எடுத்த ஒளிப்படம் அழகுப் பொருளேயன்றிச் சான்றாகாது. மூலத்தை உரியவரிடமிருந்து கவர்ந்து வருதலும் தவறாகும். படியெடுத்து, மூலத்தை இருந்தவிடத்திலேயே பேணச் செய்தலே முறை. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகத்தின் பணி, கூட்டு முயற்சியினால் எத்துணை செய்யலாம் என்பதைக் காட்டுகின்றது. சிறப்புப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதும் ஒவ்வொரு மாணவனும் தன் ஊரைச் சார்ந்த ஒரு மூலத்தையேனும் படியெடுத்துத் துறையின் சுவடிக்கூடத்திற் சேர்க்கும் வழக்கம் ஏற்படின், பத்தாண்டுகளில் அத்துறை ஒப்பற்ற ஆவணத் தொகுதியொன்றைப் பெற்றுவிடும். விரிவுரையாளர்களும் இதனைப் பாடவிதானத்தின் ஒரு பகுதியாக்குதல் பற்றிச் சிந்தித்தல் நன்று.

மரபுரிமை என்னும் சொல்லில் உரிமை என்பது அடங்கியிருத்தலால், அது எமது என்று கூறுவதோடு நாம் மனநிறைவு அடைந்துவிடுகின்றோம். உரிமை உடையவனுக்குப் பொறுப்பும் உண்டு. நயினாதீவுச் சாசனம் உடைந்த மரக்கலத்திலிருந்து எஞ்சியவற்றுக்குக்கூட முறையான பங்கீட்டை வகுத்தது. எமது வரலாற்றுச் சான்றுகளும் பல புயல்களைக் கண்டு எஞ்சியவையே. எஞ்சியவற்றை எண்ணி, பதிந்து, நேர்மையோடு வாசித்து, அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தல் வரலாறு கற்க வந்த எம் அனைவரதும் கடனாகும்.