பூசந்தியும் ஒரு குளமும்

சென்ற மாதம் என் தைராய்டு ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இஸ்த்மஸ்' என்றொரு வார்த்தை. டாக்டர் விளக்கினார்: தைராய்டுக்கு இடமும் வலமுமாக இரண்டு மடல்கள், மூச்சுக்குழாயின் முன்புறம் அவற்றைச் சேர்க்கும் குறுகிய பட்டைதான் அது. எனக்குப் பழைய வார்த்தை. பிரெஞ்சு வகுப்பில் பூகோளப் பாடத்தில் 'இஸ்ம்' என்போம். நடுவிலுள்ள எழுத்துகளை உச்சரிப்பதில்லை. தமிழில் பூசந்தி. சூயஸ், பனாமா இரண்டும் மனப்பாடம்.

பாடத்தில் வராத பூசந்தி ஒன்று நமக்கு உறவு. தாய்லாந்தின் தெற்கே மலாய் தீபகற்பம் கிரா என்னுமிடத்தில் சுமார் 44 கிலோமீட்டராக ஒடுங்குகிறது. மேற்கே அந்தமான் கடல், கிழக்கே சயாம் வளைகுடா. மலாக்கா நீரிணையைச் சுற்றிப்போகாமல், சரக்கை இறக்கி ஆறு வழியாகவும் தலைச்சுமையாகவும் குறுக்கே கொண்டுபோன வழிகள் இப்பகுதியில் இருந்தன என்பது பலர் கருத்து.

கிராவுக்குத் தெற்கே, மேற்குக் கரையில் தகுவாபா. அங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சிதைந்த சில வரிகள்தான். நங்கூருடையான் ஒருவர் தோண்டிய குளம், பெயர் அவனிநாரணம். அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலானோரின் காவலில் விடப்பட்டது. மணிக்கிராமம் வணிகர் குழு. அதே 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் அந்தப் பெயர் வருகிறது.

அவனிநாரணன் என்பது தெள்ளாறெறிந்த மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். குளத்துக்கு அவன் பெயரே இடப்பட்டது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நந்திக்கலம்பகம் அவனை மல்லைக்கு மட்டுமல்ல, நம் மயிலைக்கும் காவலனாகப் புகழ்கிறது. மயிலாப்பூர்வாசிகளுக்கு இதைவிட நெருக்கமான கடல் கடந்த சொந்தம் எது?

கல்வெட்டை முதலில் ஆராய்ந்தவர்களில் ஹுல்ட்ஷ் ஒருவர். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியார் 1949-இல் தனிக் கட்டுரை எழுதினார்.

எனக்கு வியப்பு அரசன் பெயரில் இல்லை, குளத்தில்தான். வியாபாரத்துக்குப் போனவர்கள் அந்நிய மண்ணில் முதலில் தண்ணீருக்கு வழி செய்தார்கள். அதைப் பாதுகாக்கும் பொறுப்பை யாருக்கு என்று கல்லில் எழுதியும் வைத்தார்கள். வெட்டியவரின் பேரன்மார் ஊர் திரும்பினாலும் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டுமே! நம் தெருவில் எத்தனை குளங்கள் வீட்டு மனைகளாயின என்று எண்ணிப் பார்க்கும்போது, அந்தச் சில வரிகளின் அருமை புரிகிறது.