890-இன் கதை

நம்ம சேலையூர் கடையில் பிஸ்கட் வாங்கினால் உறையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்புக் கோடுகளுக்குக் கீழே 13 இலக்கங்கள், பெரும்பாலும் 890 என்று தொடங்கும். இந்தக் கோடுகளை வைத்து நடந்த முதல் வியாபாரம் 1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ட்ராய் நகரில். விற்றது சூயிங்கம்!

இந்தியாவில் இந்த எண்ணை வழங்குவது 1996-இல் அமைந்த நிறுவனம்; இன்றைய பெயர் ஜிஎஸ்1 இந்தியா. 890 இருந்தாலே இந்தியத் தயாரிப்பு என்பது தவறு. எண் எங்கே பதிவானது என்பதை மட்டுமே அது சொல்லும்.

கல்லாவுக்காகப் பிறந்த எண்ணை இப்போது இணையக் கடைகளும் கேட்கின்றன. ஒரே பொருளைப் பலர் விற்றால் ஒரே பக்கத்தில் சேர்க்க வேண்டுமே! இட்லிப்பொடி விற்கும் என் சித்தி அந்தக் கட்டத்தில்தான் நின்றுவிட்டார். யாரோ மலிவாக எண் தருகிறேன் என்றாராம். "வேண்டாம் சித்தி, அது வேறொருவர் பெயரில் இருக்கும்" என்றேன். பதிவுக் கட்டணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறார்.